ஒரே சிப்பியில் நான்கு ஆராய்ச்சி

ஒரே நாளில் நான்கு துறைகளில் ஆராய்ச்சி செய்திருக்கிறேன். காலை டீக்கு முன்னால் மருத்துவம், டீக்குப் பிறகு இயற்பியல், சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் பீங்கானும் உலோகமும், சாயங்காலம் பக்கத்திலிருக்கிற புதுக்கோட்டைக்குப் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஏதோ ஒரு பழைய கட்டடத்தின் சுவர்ப்பூச்சு. இவற்றில் ஒன்றையும் நான் படித்தவளில்லை. நாசரேத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தேன். பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கூடத்தை மூடியபோது, சாக்பீஸ் தூசி போகாத கையோடு தூத்துக்குடிக்கு வந்து இந்த மாடியில் உட்கார்ந்தேன்.

கீழே செருப்புக்கடை. மேலே நாங்கள். வெயில் ஏற ஏற ரப்பர் வாசம் படிக்கட்டு வழியாக ஏறி வந்து மேசையில் உட்கார்ந்துகொள்ளும். ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் கரித்தூசி வரும், மூடினால் ரப்பர். காற்று திரும்புகிற மாலைகளில் எங்கிருந்தோ மீன்தூள் அரைக்கிற நாற்றம் வந்து இரண்டையும் அடித்துத் தள்ளும். நான் அதையெல்லாம் குறை சொல்லவில்லை. ஊர் உழைக்கிற நாற்றம் அது, குளித்தால் போய்விடும். கம்ப்யூட்டர் திரையிலிருந்து வந்த வாடைதான் குளித்தும் போகவில்லை.

தொழில் எளிமையானது. பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்று பேராசிரியர்களும் டாக்டர்களும் வருவார்கள். பெரும்பாலும் அவர்கள் வருவதில்லை, போன் வரும். முதலாளியை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவர் எங்கிருந்தோ எண்களையும் அட்டவணைகளையும் வரவழைப்பார். அதைச் சுற்றி நான் இங்கிலீஷ் எழுதுவேன். கடைசியில் அவர் படங்களைச் செருகுவார். வாங்குகிறவர் பெயர் மேலே ஏறும். அவர் கட்டுரையை வாசித்தாரா என்று யாரும் கேட்பதில்லை. ஒருமுறை இதய மருத்துவர் ஒருவர் போனில், "அதுல நான் என்ன கண்டுபிடிச்சிருக்கேன், சுருக்கமா சொல்லுங்க மேடம், நாளைக்கு யாராச்சும் கேட்டா?" என்றார். சொன்னேன். "பரவாயில்லையே" என்று வைத்துவிட்டார்.

என் வாக்கியங்கள் வழவழவென்று இருக்கும். அண்ணாச்சி அதை மெச்சுவார். "டீச்சர் எழுதுனா எண்ணெ தேச்ச மாதிரில்லா இருக்கு. எதுலயும் சிக்காது." நான் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது நாக்கில் துரு ஊறுகிறது.

அந்தப் பெண் ஒரு மழைக்காலத்தில் வந்தாள். கடலோரத்துத் திரேஸ்புரத்துக்காரி, முப்பதைத் தாண்டியவள், ஒரு பெண்கள் கல்லூரியில் வருஷா வருஷம் புதுப்பிக்கிற கெஸ்ட் லெக்சரர் வேலை. பி.எச்டி கைக்கு வந்தால்தான் அந்த வேலை நிலைக்கும், இல்லையென்றால் இரண்டு வருஷத்துக்குப் பிறகு இடமில்லை என்று முதல்வர் சொல்லிவிட்டாராம். தீசிஸில் ஒரு அத்தியாயத்தை எங்களுக்கு மெயிலில் அனுப்பிவிட்டு நேரிலும் வந்து என் மேசைக்கு எதிரே நின்றாள்.

"டீச்சர், இங்கிலீஷ் மட்டும் பாருங்க. விஷயத்துல கை வச்சிராதிய."

அந்த மாடியில் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவள்தான். விஷயம் என்று ஒன்று இருப்பவர்கள் அங்கே வருவதில்லை.

அவளுடைய விஷயம் முத்துச்சிப்பி. முத்துக் குளிப்பு என்றோ நின்றுபோன கடலில் சிப்பி இன்னும் இருக்கிறது. அதன் உள்பக்கத்து மினுமினுப்பு ஏன் சுத்தியலால் அடித்தாலும் சட்டென்று உடைவதில்லை என்பதைத்தான் அவள் ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தியாயத்துக்குள்ளே எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் எடுத்த படம் ஒன்று இருந்தது. நான் அதைத் திறந்தேன்.

கறுப்பு வெள்ளை. கண்ணுக்கே தெரியாத தகடுகள், கொத்தன் ஒருத்தன் பிறவி பிறவியாக உட்கார்ந்து அடுக்கிய செங்கல் போல, வரிசைமேல் வரிசை. ஒரு வரிசை மட்டும் லேசாகச் சரிந்து, மூச்சு விட்டுக்கொண்டிருப்பதுபோல இருந்தது. வலது மூலையில் மூன்று கனசதுரக் கட்டிகள் பகடைக்காய் மாதிரி விழுந்து கிடந்தன. ஒன்றின் முனை உடைந்திருந்தது.

"இது என்னம்மா?"

"உப்பு, டீச்சர்." அவள் வெட்கப்பட்ட மாதிரி சிரித்தாள். "எங்க அப்பா சங்கு குளிக்கப் போறவுக. சங்கோ சிப்பியோ, காயுறதுக்கு முன்ன நல்ல தண்ணி படக் கூடாது, மினுக்கம் செத்துரும்பாக. பொறந்ததுலேர்ந்து கேட்டது மண்டையில ஏறிப்போச்சு. லேபுக்குப் போகும்போதும் ஒரு பாட்டில்ல கடல் தண்ணி கொண்டு போயிட்டேன். அதுலதான் கழுவுனேன்."

"கைடு ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லாம? 'ஏம்மா, சிப்பியப் படம் புடிக்கச் சொன்னா உப்பளத்தப் புடிச்சிட்டு வந்திருக்கே'ன்னாக. மறுபடி அந்த மிசினுக்கு முறை வரணும்னா மாசக்கணக்கா நிக்கணும். இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

விட்டுவிட்டதோடு நிற்கவில்லை. படத்துக்குக் கீழே ஒரு வரியும் எழுதியிருந்தாள். மூலையில் காண்பவை உப்புக் கட்டிகள், மாதிரியைக் கடல்நீரில் கழுவியது என் பிழை, தகடுகளின் அமைப்பை அது மாற்றவில்லை என்று.

அண்ணாச்சி என் தோளுக்கு மேலாக அதைப் படித்தார். "தப்ப யாராச்சும் தானா எழுதிக் குடுப்பாகளாம்மா? பரிச்சைப் பேப்பர்ல நம்மளே முட்டை போட்டுக்கிட்ட மாதிரில்லா இருக்கு."

"நான் போட்ட முட்டைதான அண்ணாச்சி. இருந்துட்டுப் போட்டும்."

இங்கிலீஷைத் திருத்தினேன். இரண்டு நாளில் வேலை முடிந்தது. அவள் போன பிறகு அந்தப் படத்தை எடுத்து, அண்ணாச்சியும் நானும் பொதுவாக வைத்திருக்கிற படங்கள் போல்டரில் ஒரு பிரதி போட்டேன். ஏன் போட்டேன்? அழகாக இருந்தது. கரித்தூசிக்கும் ரப்பருக்கும் நடுவே, பொய் எழுதி எழுதிக் கண் கட்டிப்போகிற மத்தியானங்களில் திறந்து பார்க்க ஒன்று வேண்டியிருந்தது. அவ்வளவுதான். அந்தப் போல்டரிலிருந்துதான் அண்ணாச்சி படம் எடுக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாததுபோல் இருந்தேன்.

மைக்ரோஸ்கோப் படத்துக்கு அடியில் ஒரு கறுப்புப் பட்டை வரும். எத்தனை மடங்கு பெரிதாக்கியது, எந்தத் தேதி, யாருடைய மாதிரி என்பதெல்லாம் அதில் இருக்கும். அண்ணாச்சி முதலில் அதை வெட்டுவார். மீனுக்குத் தலையை எடுக்கிற மாதிரி ஒரே வெட்டு. பிறகு புதுப் பட்டை. மருத்துவக் கட்டுரை ஒன்றில் அந்தச் சிப்பி, முறிந்த எலும்புக்குள் வைக்கிற மாற்றுப்பொருள் ஆனது. தலைகீழாகத் திருப்பியதும் ஒளியைச் சிதறடிக்கும் மெல்லிய படலம் ஆகி இயற்பியலுக்குப் போனது. இடமும் வலமும் மாற்றி, கொஞ்சம் இருட்டாக்கி, கொதிகலனுக்குள் பூசுகிற பீங்கான் ஆனது. இந்த மூன்றையும் நான் எழுதியபோது படங்கள் செருகப்படவில்லை. செருகிய பிறகு நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது ஒரு திறமை, அந்த மாடியில் எல்லோருக்கும் அது கைவந்திருந்தது.

நான்காவதைத்தான் பார்க்க வேண்டிவந்தது. கடலோரத்துப் பழைய தேவாலயம் ஒன்றின் சுண்ணாம்புப் பூச்சைப் பற்றிய கட்டுரை. வாங்கியவர் பாரம்பரியக் கட்டடங்களில் வல்லுநர். எந்தத் தேவாலயம் என்று அவரே கடைசிவரை முடிவு செய்யவில்லை. அண்ணாச்சி படத்தைச் செருகிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், மூலையில கட்டம் கட்டமா இருக்கு பாத்தியளா? வெட்டுனா படம் சிறுத்துருது. அதுக்கு ஏதாச்சும் எழுதிப் போடுங்களேன்."

பார்த்தேன். முனை உடைந்த உப்பு என்னைப் பார்த்தது. எழுதினேன். நூற்றாண்டுகளாக வீசும் கடற்காற்று உப்பைச் சுமந்து வந்து சுவரின் நுண்துளைகளில் படிய வைத்திருப்பதை இப்படம் காட்டுகிறது என்று. நல்ல வாக்கியம். எழுதி முடித்ததும் அதை வாய்விட்டு ஒருமுறை படித்துக்கூடப் பார்த்தேன், ஓசை சரியாக விழுகிறதா என்று.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் கழித்து அவள் மறுபடி படியேறி வந்தாள். கையில் நான்கு கட்டுரைகளின் அச்சுப்பிரதி. தீசிஸைப் படித்த வெளியூர்த் தேர்வாளர் எழுதியிருந்தாராம். ஆய்வாளர் பயன்படுத்தியுள்ள முக்கியமான படம் ஏற்கெனவே வேறு வேறு பெயர்களில், வேறு வேறு பொருளாக, நான்கு இதழ்களில் வந்துள்ளது, ஆகவே இது திருட்டு, விளக்கம் தராவிட்டால் தீசிஸை நிராகரிக்க வேண்டும் என்று.

"என் சிப்பிய நானே திருடிட்டேனாம், டீச்சர்."

அழவில்லை. நான்கு பிரதிகளையும் என் மேசையில் விரித்தாள். எலும்பு, படலம், பீங்கான், சுவர். எல்லாவற்றின் மூலையிலும் உப்பு. லேப்காரர்கள் பழைய படங்களை அழித்துவிட்டார்கள். அவளுடைய லேப்டாப்பில் இருக்கிற மூலப்படத்தின் தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்கிறார்கள். விசாரணைக் குழு கூடப் பத்து நாள் இருக்கிறது.

"இங்கனதான் நான் இதக் குடுத்தேன். வேற எங்கயும் குடுக்கல. யாரு எடுத்தா?"

அண்ணாச்சி முந்திக்கொண்டார். "ஏம்மா, இன்டர்நெட்ல எவன் எவனோ எடுப்பான். இதுக்குப் போயி மனச விடலாமா? ஒரு வேலை செய்வோம். அந்தப் படத்தத் தூக்கிருவோம். வேற படம் நான் தாரேன். சிப்பி மாதிரியே இருக்கும், ஒருத்தனும் கண்டுபிடிக்க மாட்டான்."

அவள் என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியலையேம்மா" என்றேன்.

வாய் அதைச் சொன்னது. பல் இடுக்கில் மீன்முள் மாட்டினால் நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருக்குமே, அப்படி மூன்று நாள் அந்த வாக்கியத்தை நாக்கு தடவிக்கொண்டே இருந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவேன், விரலை முகர்வேன். ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றுமில்லாததே நாறியது.

மூன்றாம் நாள் எலும்புக் கட்டுரையை இணையத்தில் தேடினேன். நாங்கள் விற்றது யாராலும் படிக்கப்படாமல் செத்துக் கிடக்கும் என்பதுதான் இத்தனை வருஷமாக என்னை நானே தட்டிக்கொடுத்துத் தூங்க வைத்த சமாதானம். செத்துக் கிடக்கவில்லை. வேறொரு ஊரில், வேறொரு மருத்துவமனையில், நிஜமாகவே எலும்பு முறிந்தவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற யாரோ அதை மேற்கோள் காட்டியிருந்தார்கள். இப்பொருளின் நுண்ணமைப்பு முன்பே நிறுவப்பட்டுவிட்டது என்று ஒரு வரி, பக்கத்தில் எங்கள் கட்டுரை. திரேஸ்புரத்துச் சிப்பி ஒன்று யாருடைய காலுக்குள்ளோ போகக் கிளம்பியிருந்தது. எழுந்து போய் வாந்தி எடுத்தேன். இது உவமை இல்லை.

அவளுக்குப் போன் செய்தேன். "நான்தான் எடுத்தேன்" என்றேன். எதிர்ப்பக்கம் படகு எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு வாரேன். எழுதி வையுங்க" என்றாள்.

எழுதி வைத்தேன். அவள் எங்களுக்கு அத்தியாயம் அனுப்பிய மெயிலின் தேதி நான்கு கட்டுரைகளுக்கும் முந்தையது. அதையும் பிரதி எடுத்து இணைத்தேன். அவள் மாடிக்கு வரவில்லை. படிக்கட்டில், செருப்புப் பெட்டிகளுக்கு நடுவே நின்று கடிதத்தைப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் உதடு கோணியது.

"இது என்ன, 'கடலின் மௌனச் சிற்பம்போல் விளங்கிய அப்படத்தின் பேரழகில் மனம் பறிகொடுத்து'..." நிமிர்ந்தாள். "உங்க மனசு பறிபோனதெல்லாம் எதுக்கு டீச்சர்? பறிபோனது என் படம்."

பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தாள். அதற்கு மேலே ஒரே வார்த்தை எழுதினாள்: 'எடுத்தேன்.' கடற்காற்று வாக்கியத்தை நான்தான் எழுதினேன் என்பதை நான் விட்டிருந்தேன். யார் எழுதியது என்று கேட்டு, அதையும் சேர்க்கச் சொன்னாள். ஒரு பக்கக் கடிதம் ஐந்து வரியானது. அதுவரை நான் எழுதியதில் எண்ணெய் தேய்க்காதது அதுதான். கையெழுத்துப் போட்டேன்.

அண்ணாச்சி மேலே இருந்து எட்டிப் பார்த்தார். "டீச்சர், நாளையிலேர்ந்து வர வேண்டாம்." கோபமே இல்லை. ஓடாத மின்விசிறியைக் கழற்றச் சொல்கிற தொனி.

பல்கலைக்கழகத்தில் குழு கூடிய அறை, அவளும் நானும் போனபோது, குளிர்ந்து கிடந்தது. மூன்று பேர். நடுவில் தலைவர், அவருக்கு முன்னால் ஒரு தட்டில் முறுக்கு. என் கடிதத்தைப் படித்தார், மெயில் தேதியைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தள்ளினார். கடிதத்தின் கீழே நான்கு கட்டுரைகளின் பெயரும் எழுதியவர்களின் பெயரும் இருந்தன. அந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொருவர் முகமும் ஒரே மாதிரி மூடிக்கொண்டதைப் பார்த்தேன். தொட்டால் சிப்பி மூடிக்கொள்ளுமே, அவ்வளவு வேகம்.

"படம் உங்களுதுதான்ம்மா, அதுல எங்களுக்குச் சந்தேகம் இல்ல" என்றார் தலைவர். முறுக்குத் துகளை விரலால் ஒற்றி எடுத்துக்கொண்டே பேசினார். "ஆனா இந்த நாலு பேப்பர் விஷயம் நம்ம வரம்புல வராது. பெரிய பெரிய ஆளுங்க பேரெல்லாம் இருக்கு. அதனால என்ன பண்றோம்னா, இந்த லெட்டர இவங்களே திரும்ப வாங்கிக்கிடட்டும். நீங்க படத்த எடுத்துட்டு தீசிஸத் திருப்பிக் குடுங்க. ஒரு மாசத்துல வைவா. டிகிரி உங்க கையில."

டிகிரி. வேலை. ஆறு வருஷம். எனக்கு உள்ளுக்குள் ஓர் அற்பச் சந்தோஷம் ஓடியதை மறைக்க மாட்டேன். கடிதம் திரும்பி வந்துவிடும், என் பெயர் எங்கேயும் இருக்காது. சம்மதித்துவிடு என்று மனசுக்குள் அவளைக் கெஞ்சினேன்.

"சரி சார்" என்றாள். தலைவர் முறுக்கை எடுத்தார். "படத்த எடுக்கணும்னு எழுதிக் குடுங்க. எதுக்காக எடுக்கணும்னு காரணத்தையும் போட்டு, மூணு பேரும் கையெழுத்துப் போட்டுருங்க. எடுத்துருதேன்."

முறுக்கு நின்றது.

"அதெல்லாம் எதுக்கும்மா எழுத்துல? வாய்ல சொன்னா போதாதா?"

"ஏற்கெனவே ஒருத்தர் எழுத்துல என்னைத் திருடின்னு போட்டிருக்காங்க சார். அதுக்கு வாய்ல பதில் சொல்ல முடியாதுல்லா."

காரணம் எழுதினால் நான்கு கட்டுரைகளைப் பற்றியும் எழுத வேண்டும். எழுதினால் கையெழுத்து. ஒருவர் கண்ணாடியைத் துடைத்தார். இன்னொருவர் போனைத் திருப்பிப் போட்டார். அவ்வளவு படித்த மூன்று பேனாக்கள் சட்டைப்பையை விட்டு வெளியே வரவேயில்லை. கடைசியில் தலைவர் கோப்பை மூடி, "படம் இருக்கட்டும். விளக்கம் திருப்தின்னு போட்டு அனுப்பிருதேன்" என்றார். எங்களைப் போகச் சொல்லத் தலையை மட்டும் அசைத்தார். கடிதம் அங்கேயே இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

வெளியே வந்ததும் நான் ஏதோ சொல்லப் போனேன். மன்னிப்பாக இருக்கலாம். அவள் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அந்த நாலும் அப்படியேதான இருக்கு? என் பேரு தெளிஞ்சா ஆச்சா? எலும்புன்னு ஒருத்தன் நம்பிக்கிட்டு இருக்காம்லா."

"நான் என்னம்மா செய்ய முடியும்?"

"நீங்கதான எழுதுனிய. நாலு எடத்துக்கும் எழுதுங்க."

எழுதினேன். நான்கு இதழ்களுக்கும், ஐந்து வரிதான், எடுத்தேன், பொய் எழுதினேன், இது எலும்பு இல்லை, இது சுவர் இல்லை. மூன்றிலிருந்து பதிலே வரவில்லை. எலும்பு இதழிலிருந்து வந்தது. தங்கள் ஆய்வுக்கட்டுரைக்கு நன்றி, நிபுணர்கள் இருவரின் மதிப்பீட்டுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்றது. ஒரு வாரத்தில் இன்னொன்று: தங்கள் கட்டுரை சிறு திருத்தங்களுடன் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. முடிவுரை சேர்க்கவும், படங்களைத் தனிக் கோப்பாக அனுப்பவும், ஆங்கிலத்தைத் தேர்ந்த மொழித்திருத்துநர் ஒருவரிடம் காட்டவும்.

சிரிப்பு வந்தது. என் ஒப்புதல்கூட அவர்களுக்கு இன்னொரு பேப்பர். அவளுக்குப் போன் செய்து அதை வரி வரியாகப் படித்துக் காட்டினேன். வைவா முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது அவளுக்கு, வகுப்பில் இருந்தாள், பின்னால் பிள்ளைகள் இரைச்சல். சிரிப்பாள் என்று காத்திருந்தேன்.

"படிச்சது யாருன்னு போட்டிருக்கா?"

"இல்ல."

"அப்ப யாரும் படிக்கல. திரும்ப அனுப்புங்க" என்றாள். "படிக்கிற வரைக்கும் அனுப்புங்க."